மக்களை எண்ணிய பெருமகன்

எண்ணுதல் என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. கணக்கிடுதல் ஒன்று, கருதுதல் மற்றையது. கணக்கிடுவோர் யாவரும் கருதுவோர் ஆகார். கருதுவோர் பலருக்குக் கணக்கு வாராது. இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த ஒருவரைப் பற்றி, வன்னி நிலத்து ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சில கூற விரும்புகின்றேன். அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

அருணாசலம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது அரசியலே. இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர், சேர் இராமநாதனின் தம்பியார் என்ற அளவில் பாடநூல்கள் அமைந்துவிடுகின்றன. அவர் தமது வாழ்நாளில் 38 ஆண்டுகளை அரசாங்க சேவையிற் கழித்தவர் என்பதும், அவற்றுள் மிகச் சிறந்த காலம் பிறப்பையும் இறப்பையும், காணியையும் குடியையும் எண்ணுவதிலே சென்றது என்பதும் பலரும் அறியாதவை. நான் அவற்றை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. உயர்தர வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் புள்ளிவிபரவியல் கற்கும் நம் பிரதேசத்து இளைஞர், இதனைக் கற்று யாது தொழில் செய்வது என்று என்னை அடிக்கடி வினவுகின்றனர். உத்தியோகங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடலாம். அதனினும் ஒரு மனிதரின் வாழ்க்கையைக் காட்டுவதே தக்க விடை என்பது எனது துணிபு.

1853ஆம் ஆண்டு செப்ரெம்பர் 14ஆந் திகதி, மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட கேற் முதலியார் பொன்னம்பலத்தின் மைந்தராய் அவர் கொழும்பிற் பிறந்தார். பிற்காலத்தில் றோயல் கல்லூரி எனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் பயின்று, அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ற்ஸ் கல்லூரியை அடைந்தார். சட்டமுங் கற்றார். 1875இல், இலங்கைச் சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சையிலே தேறினார். அவ்வழியே அச்சேவையுட் புகுந்த முதல் இலங்கையர் அவரே. அக்காலத்தில் புள்ளிவிபரவியல் என்றொரு தனித்துறை எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருந்ததில்லை. இலண்டனில் அத்தகைய முதலாவது துறை அமைந்தது 1911இலேதான். ஆகவே அருணாசலம் இக்கலையைத் தொழிலிலே கற்றவர்.

முதலில் பல ஊர்களில் நீதிபதியாகக் கடமையாற்றினார். 1887இல் தேசாதிபதி சேர் ஆதர் கோடன், சேவையில் மூத்தோர் பலரைத் தாண்டி, அவரைப் பதிவாளர் நாயகமாகப் பதில் கடமையாற்ற நியமித்தார். ஆங்கில உத்தியோகத்தரிடையே இது மனக்கசப்பை விளைத்தது. எனினும் தேசாதிபதியின் தெரிவு தக்கதே என்பதை அவர் கடமையாற்றிய திறன் காட்டியது. காணி உறுதிகளின் பதிவு சீரற்று, மோசடிக்கு இடங்கொடுத்த காலம் அது. ஓர் ஏழைக் கமக்காரனின் நிலத்தை, அவன் அறியாமலே இன்னொருவன் எழுதி விற்கக்கூடிய நிலை. அருணாசலம் அலுவலகத்தைத் திருத்தி, பதிவுகளை ஒழுங்குபடுத்தி, பிறப்பு இறப்புக் கணக்குகளைப் பயன்தரும் அறிக்கைகளாக்கினார். ஒரு பதிவேட்டின் பின்னே ஒரு குடும்பம் நிற்கின்றது என்பதை அவர் நீதிமன்றத்திலேயே கண்டவர். உறுதியும் பிறப்புச் சான்றிதழும் போரிலே தொலைந்து, கச்சேரி வாயிலிற் காத்துநின்ற வன்னி மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அவரது பெரும் பணி 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு ஆகும். இலங்கையின் முதலாவது நவீன குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. நான்காவதான இதனை நடத்தும் பொறுப்பு அருணாசலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மார்ச் 1ஆந் திகதி எடுக்கப்பட்ட கணக்கின்படி நாட்டின் குடித்தொகை 35 இலட்சத்து 65 ஆயிரத்து 954. பத்தாண்டுகளுக்கு முன் 30 இலட்சத்து 7 ஆயிரத்து 789 ஆக இருந்தது. இதனை அவர் வெறும் அட்டவணைகளாக விட்டுவிடவில்லை. நான்கு பாகங்களாக வெளிவந்த அப்பிரசுரத்தில், இந்நாட்டு மக்களின் வரலாறு, சமயம், மொழி, கல்வி, தொழில் ஆகியவற்றை விளக்கும் அறிக்கை ஒன்றும் இடம்பெற்றது. எண்களைப் படிக்கத் தெரியாதவனும் அதனைப் படித்துத் தன் நாட்டை அறியலாம்.

அந்நாளிலே வன்னி எவ்வாறு இருந்தது? யாழ்ப்பாணத்துக்கான புகையிரதப் பாதை வன்னியை ஊடறுத்து முழுமையாகத் திறக்கப்பட்டது 1905இல். இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கியது 1902இல். இன்று நாம் காணும் கிளிநொச்சிக் குடியேற்றங்கள் யாவும் பிற்காலத்தவை. இங்கே உதவி அரசாங்க அதிபராயிருந்த ஜே. பி. லூயிஸ், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றிய கைந்நூலை 1895இல் வெளியிட்டார். காடும் காய்ச்சலும் சூழ, சிறு குளங்களின் கீழ்ச் சிறு ஊர்கள் சிதறிக் கிடந்த நிலம் இது. பெருநகரிலே பத்துப்பேர் விடுபட்டாற் கணக்கு அதிகம் பிழைப்பதில்லை. நூறுபேர் வாழும் குளத்தூரிற் பத்துப்பேர் விடுபட்டால், ஊரிற் பத்திலொன்று இல்லாமற் போகின்றது. அவ்வூருக்குப் பள்ளிக்கூடமும் மருந்துச்சாலையும் வாராமைக்கு அப்பிழையே காரணமாகலாம். எளியோர் வாழும் இடத்திலேதான் எண்ணுவோன் கூடிய கவனங் கொள்ள வேண்டும்.

1906இல் சட்டநிரூபண சபையிலும் 1912இல் நிருவாக சபையிலும் அவர் இடம்பெற்றார். 1913இல் இளைப்பாறினார்; அடுத்த ஆண்டு சேர் பட்டம் வந்தது. சாய்மனைக் கதிரையில் அமர்ந்துவிட அவர் மனம் ஒப்பவில்லை. 1915இல் சமூக சேவைச் சங்கம், 1917இல் இலங்கைச் சீர்திருத்தச் சங்கம், 1919இல் தொழிலாளர் நலச் சங்கம், அவ்வாண்டு இறுதியிலே தேசிய காங்கிரஸ் என அவரது பணிகள் தொடர்ந்தன. இந்நாட்டுக்குப் பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 முதல் இயக்கம் நடத்தினார். அதன் பயனாகப் பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல் தோன்றியது. பேராதனையிலே அருணாசலம் மண்டபம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

தொழிலாளர் நலனை அவர் கையிலெடுத்தமை, முன்னைய பணியோடு தொடர்பற்றதன்று என்றே நான் கருதுகின்றேன். தோட்டத்துத் தமிழரைத் தொகையாக மட்டுங் கண்டிருந்தால், அவர்களை வருத்திய சட்டங்களுக்கு எதிராக அவர் போராடியிரார். அவர் நடத்திய மதிப்பீட்டுக்கு அடுத்ததாக 1911இல் நிகழ்ந்த மதிப்பீட்டிலே இந்தியத் தமிழர் தனி நிரலில் எண்ணப்பட்டனர். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. மலையகத்திலிருந்து, சிறப்பாக 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறிய குடும்பங்கள் நம் அயலவராய் வாழ்கின்றன. படிவத்திலே இழுக்கப்படும் ஒரு கோடு எத்தனை தலைமுறைகளின் ஊடே செல்லும் என்பதை அவர்களிடமிருந்து நம் மாணவர் அறியலாம்.

1921இல், மேல் மாகாணத்திலே தமிழர்க்கு ஓர் ஆசனம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படாதபோது, அருணாசலம் தாம் தோற்றுவித்த காங்கிரசை விட்டு நீங்கினார். எந்தச் சமூகம் எத்தனை பேர் என்பதை அவரினும் நன்கறிந்தவர் அன்று எவருமிலர். ஆயினும் தொகையிற் பெரியோர் என்ற ஒன்றே நீதியாகாது என்று அவர் நின்றார். கணக்கின் வலிமையை அறிந்தவர் அதன் எல்லையையும் அறிந்திருந்தார். 1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆந் திகதி, தல யாத்திரை சென்றவிடத்து, மதுரையிலே அவரது ஆவி பிரிந்தது.

அவர் மறைந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. இடையிலே வன்னிக்கு நேர்ந்தது யாது? 1981இன் பின் 2012 வரை, 31 ஆண்டுகள், இந்நிலத்திலே முழுமையான குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் நடந்தது 18 மாவட்டங்களிலேயே நிறைவுற்றது. அந்த எண்ணப்படாத காலத்தின் முடிவிலேதான் பேரழிவு வந்தது. 2008 ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் கணக்கில் இருந்தோர் 429,059 பேர். 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் கணக்கில் 282,380 பேர். வித்தியாசமான 146,679 பேருக்கு நேர்ந்தது யாதென்று, மன்னார் ஆயராயிருந்த காலஞ்சென்ற இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியிலே, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வினவினார். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு, உயிரிழந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று குறித்தது. அரசாங்கத்தின் கணக்கெடுப்பு இதனினும் மிகக் குறைந்த தொகையைக் காட்டியது. ஒரு கழித்தற் கணக்கு, ஒரு சமூகத்தின் தீராத வினாவாக நிற்கின்றது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்திலே தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டதும் அதுவே: எம் பிள்ளையை எந்த நிரலில் எழுதுவது?

எண்ணுதல் உயிர் காத்த கதையும் இந்நிலத்துக்கு உண்டு. முன்னோரை வாட்டிய மலேரியாக் காய்ச்சலில் இருந்து இலங்கை விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே தேடி, பரிசோதித்து, பதிந்து, கணக்கைப் பூச்சியத்துக்குக் கொணர்ந்த பலரின் உழைப்பின் பயன் அது. அவர்களிற் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம்.

ஆகவே, தொழில் யாது என வினவும் மாணவர்க்கு என் விடை இது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் உண்டு. மாவட்டச் செயலகங்களிலே அதன் கிளைகள் உண்டு. நெல் விளைச்சலை மதிப்பிடுவோரும் பிரதேச செயலகங்களில் உள்ள புள்ளிவிபர உத்தியோகத்தரும் வேண்டும். மத்திய வங்கி, காப்புறுதிக் கம்பனிகள், மருத்துவ ஆராய்ச்சி, பல்கலைக்கழக விரிவுரை, கணினி வழி தரவுப் பகுப்பு ஆகியன யாவும் உங்களுக்குத் திறந்துள்ள வாயில்கள். கொழும்புக்கும் கடல் கடந்தும் செல்வோர் செல்க, அதிற் குறையில்லை. ஆயின் உங்களுட் சிலராவது இங்கே தங்க வேண்டும். 2012இன் கணக்கில் கிளிநொச்சி மாவட்டத்தில் ஏறக்குறைய 1,13,000 பேர், முல்லைத்தீவில் 92,000 பேர், வவுனியாவில் 1,72,000 பேர். இவ்வளவு சிறிய தொகையினரை யாரேனும் எளிதில் மறந்துவிடலாம். குளம் எத்தனை, தூர்ந்தவை எத்தனை, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை, கணவனை இழந்து குடும்பம் தாங்கும் பெண்கள் எத்தனை என்று ஒழுங்காகவும் அஞ்சாமலும் எண்ணுவோர் நம்மிடையே இருந்தால், மறத்தல் எளிதாகாது.

அருணாசலம் அரசாங்கத்தின் சம்பளம் பெற்றே எண்ணினார். எண்ணியவற்றை மக்களுக்காகக் கருதினார். அவ்விரு பொருளையும் பிரிக்காது காத்தமையே அவரது பெருமை. இக்கலையைக் கற்கும் நம் பிள்ளைகள் முதலிற் பயில வேண்டிய பாடமும் அதுவே.