திங்கள்தோறும் வளர்ந்த காப்பியம்

பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில், 1827ஆம் ஆண்டு, வைணவ வேளாளர் குடியில் கிருஷ்ணபிள்ளை பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். கம்பரின் சந்தங்கள் இளமையிலேயே மைந்தரின் செவியிலும் நெஞ்சிலும் குடியேறின.

தூத்துக்குடிக்குத் தென்மேற்கே பனைகள் சூழ்ந்த ஊர் சாயர்புரம். சாமுவேல் சாயர் என்னும் வணிகர் கிறித்தவர் குடியேறுவதற்கு வாங்கித் தந்த நிலத்தில் அவ்வூர் எழுந்தது. அங்கே போப்பையர் தோற்றுவித்த கல்விச்சாலைக்கு, 1853இல் கிருஷ்ணபிள்ளை தமிழாசிரியராக வந்தார். அப்பணிக்கு அவரைத் தேர்ந்தவர் இடையன்குடி கால்டுவெல்.

தமிழ் கற்பிக்கச் சென்றவரின் உள்ளத்தில் அங்கே பெரும் போராட்டம் மூண்டது. பிறந்த குடியின் பக்தி ஒருபால்; புதிதாய்க் கண்ட நெறி ஒருபால். முடிவில் உற்றாரை விட்டு அகன்று சென்னை சென்று, 1858இல் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரெட் கிருஷ்ணபிள்ளை ஆனார். அந்நகரில் பெர்சிவல் பாதிரியார் நடத்திய 'தினவர்த்தமானி' இதழில் துணையாசிரியராகப் பணியாற்றினார். புலவர் அவையில் பழகிய தமிழ், பொதுமக்கள் கையில் விரியும் தாளுக்கும் பயின்றது. பின்னர் மீண்டும் சாயர்புரத்திலும், தொடர்ந்து பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியராக விளங்கினார்.

ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடை நூலொன்றின் கதையைத் தழுவி, 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் பெருங்காப்பியம் பாடத் தொடங்கினார். ஐந்து பருவங்களும் மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட பாக்களும் கொண்ட அக்காப்பியத்தை முதலில் ஏந்தி வந்தது பெரும் பதிப்பகம் அன்று. திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்ச் சபைகளுக்கெனப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'நற்போதகம்' என்னும் எளிய திங்களிதழே அதனை ஏந்தியது. 1849இல் பிறந்த அவ்விதழ், பதின்மூன்று ஆண்டுகள் இக்காப்பியத்தைத் தொடராக வெளியிட்டது.

இதனை எண்ணிப் பார்த்தல் தகும். திங்கள்தோறும் சில பாக்கள். அடுத்த பகுதிக்கு மீண்டும் ஒரு திங்கள். இதழுக்கும் பொறுமை வேண்டியிருந்தது, படிப்போருக்கும் வேண்டியிருந்தது. போதனைக்கென நடந்த இதழ், கம்பர் நடையில் அமைந்த கடுந்தமிழைத் தன் வாசகர்க்கு மிகையென்று தள்ளவில்லை. கவிஞரும் சிற்றூர் வாசகர்க்கு இது போதும் என்று தம் தமிழைத் தாழ்த்தவில்லை. கற்றோர் போற்றும் விருத்தங்களுக்கிடையே, எவரும் பாடி உருகத்தக்க தேவாரப் பதிகங்களையும் அமைத்தார்.

1894இல் காப்பியம் நூலுருப் பெற்றபோது அவருக்கு அகவை அறுபத்தேழு. 1899இல் 'இரட்சணிய மனோகரம்' வெளிவந்தது. 1900ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார். கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரை வாழ்த்துகிறது. அவ்வாழ்த்தில் ஒரு பங்கு, பதின்மூன்று ஆண்டுகள் அவருக்கு இடம் அளித்த அச்சிறு திங்களிதழுக்கும் உரியது.