கப்பலில் மறைந்தவர், லாரியில் வாழ்கிறார்!

டீசல் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? லாரிக்கு ஊற்றும் எண்ணெய்! அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

அவருடைய முழுப்பெயர் ருடால்ப் டீசல். எளிய குடும்பத்தில் பிறந்தவர். தன் மூளையால் பெரும் பணக்காரர் ஆனார். பிறகு எல்லாவற்றையும் இழந்தார். ஒரு நாள் இரவு, ஓடும் கப்பலில் இருந்து மாயமாய் மறைந்தார்.

பழைய டீசல் வண்டி ஒன்றை வாங்கி, அதை நம்பிப் பிழைப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. ஏனென்றால், அந்த என்ஜினை டீசல் செய்ய நினைத்ததே அவர்களைப் போன்ற சிறு தொழிலாளிகளுக்காகத்தான்.

ஊரை விட்டுப் போன சிறுவன்

1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரிஸ் நகரில் டீசல் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். தந்தை தோல் பொருட்கள் செய்து விற்று வந்தார்.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போயிற்று. அங்கே பிழைப்பு நடத்துவதே பெரும்பாடு.

12 வயதுச் சிறுவனைத் தனியே ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தார்கள். ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டில் அவன் வளர்ந்தான். அந்த உறவினர் ஒரு கணக்கு ஆசிரியர். பையனுக்குப் படிப்பு நன்றாக வந்தது. என்ஜினீயர் ஆவது என்று 14 வயதிலேயே முடிவு செய்துவிட்டான்.

மியூனிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் டீசல் முதல் மாணவராகத் தேறினார். குளிர்சாதன எந்திரங்களை உருவாக்கிய பேராசிரியர் லிண்டே அவருடைய ஆசிரியர். நீராவி என்ஜின் எவ்வளவு எரிபொருளை வீணாக்குகிறது என்பதை வகுப்பில் அவர் விளக்கினார். 100 ரூபாய்க்கு நிலக்கரி எரித்தால், 10 ரூபாய்க்குக் கூட வேலை நடக்கவில்லை. மீதி அத்தனையும் புகையாகவும் சூடாகவும் போயிற்று!

இது டீசலின் மனதில் முள்ளாகத் தைத்தது. வேறொரு கவலையும் அவருக்கு இருந்தது. நீராவி என்ஜின் பெரியது. கொதிகலன் வேண்டும், மலைபோல் நிலக்கரி வேண்டும். பெரிய ஆலை முதலாளிகளால்தான் அதை வைத்து நடத்த முடியும். சின்னப் பட்டறைக்காரர்கள் நசிந்து கொண்டிருந்தார்கள். அவர்களும் வாங்கக்கூடிய ஒரு சிக்கனமான என்ஜின் வேண்டும் என்று டீசல் ஆசைப்பட்டார்.

சைக்கிள் பம்பு சொல்லும் ரகசியம்

சைக்கிளுக்குக் காற்று அடித்திருக்கிறீர்களா? வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அமுக்கினால் சூடு உண்டாகும். டீசல் என்ஜினின் ரகசியம் இதுதான்.

சிலிண்டருக்குள் காற்றை அடைத்து மிகப் பலமாக அமுக்கினால், சூடு 500 டிகிரிக்கு மேல் ஏறும். அந்தச் சமயத்தில் எண்ணெயை உள்ளே செலுத்தினால், அது தானாகவே பற்றிக்கொள்ளும். தீப்பொறி வேண்டாம். ஸ்பார்க் பிளக் வேண்டாம்!

இந்த யோசனைக்கு 1893-ல் டீசல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தது. உள்ளே எழுந்த அழுத்தம் தாங்காமல் அளவுகாட்டும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் மனம் தளரவில்லை. 1894 பிப்ரவரி 17-ந் தேதி என்ஜின் தன் சொந்த பலத்தில் சுமார் ஒரு நிமிடம் ஓடியது. ஒரே ஒரு நிமிடம்! ஆனால் வழி பிறந்துவிட்டது.

மேலும் 3 ஆண்டுகள் பாடுபட்டார். 1897-ல் நடந்த சோதனையில், எரிபொருளின் சக்தியில் 100-க்கு 26 பங்கை அவருடைய என்ஜின் வேலையாக மாற்றியது. உலகமே வியந்தது. அமெரிக்காவில் இந்த என்ஜினைச் செய்யும் உரிமை 10 லட்சம் மார்க்குக்கு விலை போயிற்று. 40 வயதுக்குள் டீசல் பெரும் பணக்காரர் ஆகிவிட்டார்.

புகழும் கடனும்

1898-ல் இந்த என்ஜினை விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? ஜெர்மனியின் கெம்ப்டன் நகரில் இருந்த ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை! தீக்குச்சி இல்லாமலே பற்றும் என்ஜினை, தீக்குச்சி செய்பவர்கள் வாங்கினார்கள்.

ஆனால் ஆரம்பகால என்ஜின்கள் அடிக்கடி நின்றன. புது எந்திரத்தைப் பராமரிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. வாங்கியவர்கள் குறை சொன்னார்கள். காப்புரிமை வழக்குகள் வேறு வாட்டின. டீசலின் உடல்நலம் கெட்டது.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய என்ஜினுக்குப் பெரும் பரிசு கிடைத்தது. அங்கே ஒரு சிறிய டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது! என்ஜினுக்குப் புகழ் வளர்ந்தது. ஆனால் நிலத்திலும் பங்குகளிலும் போட்ட பணம் கரைந்தது. மியூனிக்கில் பெரிய மாளிகை இருந்தது. உள்ளேயோ கடன் அரித்துக் கொண்டிருந்தது.

1913 செப்டம்பர் 29-ந் தேதி மாலை, ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் ‘டிரெஸ்டன்’ என்ற கப்பலில் ஏறினார். லண்டனுக்குப் பயணம். நண்பர்களுடன் சாப்பிட்டார். காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு, இரவு 10 மணி அளவில் அறைக்குப் போனார்.

காலையில் அறை காலி! படுக்கையில் படுத்த அடையாளம் இல்லை. மேல்தளத்தில் தொப்பியும் மேல்கோட்டும் கிடந்தன. சில நாட்கள் கழித்து கடலில் ஒரு உடல் மிதந்தது. அதில் இருந்த பொருட்களைப் பார்த்து, தந்தையுடையவை என்று மகன் அடையாளம் சொன்னார். தற்கொலையா, விபத்தா, கொலையா? இன்றுவரை அது மர்மமே. அப்போது அவருக்கு வயது 55.

தாமதமாகக் கிடைத்த வெற்றி

டீசல் காலத்தில் அவருடைய என்ஜின் ஆலைகளிலும் கப்பல்களிலும்தான் ஓடியது. எண்ணெயை உள்ளே செலுத்த அழுத்திய காற்று தேவைப்பட்டது. அதற்கென ஒரு தனிக் கருவி. அந்தப் பாரத்தை லாரியில் ஏற்ற முடியவில்லை. பிறகுதான் எண்ணெயை நேராகச் செலுத்தும் பம்பு வந்தது. 1924-ல் ஜெர்மனியில் டீசல் லாரிகள் காட்சிக்கு வந்தன. 1927-ல் பாஷ் நிறுவனம் அந்தப் பம்பை ஏராளமாகச் செய்யத் தொடங்கியது. டீசல் இறந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு, அவர் நினைத்த சிறு தொழிலாளியிடம் என்ஜின் வந்து சேர்ந்தது. 1989-ல் அமெரிக்காவில் ‘டாட்ஜ்’ பிக்-அப் வண்டிக்குள் கம்மின்ஸ் டீசல் என்ஜின் புகுந்தது. அப்படிப்பட்ட பழைய வண்டிகள் கைமாறிக் கைமாறிப் பாரம் இழுக்கின்றன.

பழைய வண்டி வாங்குவோருக்கு

டீசலின் கதையிலேயே பராமரிப்புப் பாடமும் இருக்கிறது.

அமுக்கம்தான் உயிர். ஆகவே வண்டி பார்க்கக் காலையிலே போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த என்ஜின் தாமதமின்றிக் கிளம்பினால் நல்லது. விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், கொஞ்சம் யோசியுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்திருக்கலாம்.

காற்று சுத்தமாக வேண்டும். பாரம் இழுக்கும்போது கரும்புகை கக்கினால், முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எண்ணெயும் சுத்தமாக வேண்டும். நாசிலின் துளைகள் மிக நுண்ணியவை. தூசியும் தண்ணீரும் அவற்றுக்கு எமன். டீசல் பில்டரைக் காலத்தில் மாற்றுங்கள். அதன் அடியில் சேரும் தண்ணீரை வடித்துவிடுங்கள். டாங்கி வறளும்வரை ஓட்டாதீர்கள். குழாயில் ஏர் பிடித்துவிட்டால் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. விட்டுவிட்டால், பம்பும் நாசிலும் மாற்றும் செலவு வண்டி விலையையே எட்டிப் பிடிக்கும்!

ருடால்ப் டீசல் தன் என்ஜின் சிறு தொழிலாளியின் கைக்கு வந்ததைப் பார்க்கவில்லை. ஆனால் விடியற்காலையில், காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய வண்டி சந்தைக்குக் கிளம்புகிறதே, அந்த வண்டிக்காரர் வீட்டில் அன்று அடுப்பு எரிவது, கடலில் மறைந்த அந்த மனிதர் மூட்டிய நெருப்பால்தான்.