புனித ஆசீர்வாதப்பரும் இரவுச் செபமும்

உறங்கச் செல்லுமுன் திருச்சபை சொல்லும் இரவுச் செபத்திற்கு மேற்குலகில் நிலையான வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் புனித ஆசீர்வாதப்பர். பெனடிக்ற் என்றும் இவரை அழைப்பர். இத்தாலியின் நூர்சியாவில் ஏறத்தாழ 480ஆம் ஆண்டு பிறந்தவர். கல்வி கற்க உரோமைக்குச் சென்ற இவர், அங்கு மலிந்திருந்த ஒழுக்கக்கேட்டைக் கண்டு மனம் வெதும்பி, படிப்பைத் துறந்து வெளியேறினார். சுபியாக்கோ மலைக்குகையில் மூன்று ஆண்டுகள் தனித்திருந்து தவம் செய்தார். பின்னர், ஏறத்தாழ 529இல், மொந்தே கசினோ குன்றின்மீது தமது துறவற மடத்தை நிறுவினார்.

அவர் வகுத்த மட ஒழுங்கில் இரவுக்குத் தனியிடம் உண்டு. நாளின் இறுதிச் செபத்தில் 4, 91, 134 ஆகிய மூன்று திருப்பாடல்களையும் ஒவ்வோர் இரவும் மாற்றமின்றிச் சொல்லவேண்டும் என விதித்தார். மனனமாகிவிட்ட பாடல்களுக்கு விளக்கொளி வேண்டியதில்லை; எங்கள் வீடுகளில் மின்சாரம் தடைப்பட்ட நாள்களிலும் செபமாலை தடைப்படாததை இங்கு நினைத்துக்கொள்ளலாம். இச்செபத்திற்கு முன் எல்லோரும் கூடியிருந்து வாசிப்புக்குச் செவிமடுப்பர். ஆயினும் பழைய ஏற்பாட்டின் முதல் ஏழு நூல்களையும் அரசர் நூல்களையும் அந்நேரத்தில் வாசிக்கலாகாது என்றார். மனவலிமை குன்றியோருக்கு அவை இரவில் பயன்தரா என்பது அவர் எண்ணம். எத்துணை நுட்பமான தந்தையுள்ளம்! செபம் முடிந்தபின் எவரும் பேசலாகாது. விருந்தினரின் தேவையும் மடாதிபதியின் கட்டளையும் மட்டுமே விதிவிலக்கு. துறவிகள் உறங்கும் கூடத்தில் விடியும்வரை விளக்கு எரியும். நள்ளிரவு கடந்து மணியோசை எழுந்ததும் தாமதமின்றி விழிப்புச் செபத்திற்கு விரைய, உடுத்த உடையுடனேயே அவர்கள் உறங்குவர்.

இவ்வளவு கண்டிப்பாக இரவைக் காத்தவருக்கே ஓர் இரவு சோதனை வந்தது. அவருடைய சகோதரி புனித ஸ்கொலாஸ்திக்காவும் துறவி. ஆண்டுக்கு ஒருமுறை மடத்திற்கு அருகிலிருந்த ஒரு வீட்டில் இருவரும் சந்திப்பர். இறுதிச் சந்திப்பின் மாலையில், விடியும்வரை தங்கி விண்ணக வாழ்வைப்பற்றி உரையாடும்படி சகோதரி வேண்டினார். மடத்திற்கு வெளியே இராத்தங்குவது முறையன்று என ஆசீர்வாதப்பர் மறுத்துவிட்டார். ஸ்கொலாஸ்திக்கா மேசைமீது கைகளைக் கோத்து, தலைகவிழ்ந்து செபித்தார். அவர் தலை நிமிர்ந்தபோது, அதுவரை தெளிந்திருந்த வானம் இடியும் மின்னலுமாய்ப் பெருமழையைக் கொட்டியது. வாசலைத் தாண்ட இயலாத ஆசீர்வாதப்பர் சகோதரியைக் கடிந்துகொண்டார். தாம் கேட்டதை அண்ணன் மறுத்தாலும் ஆண்டவர் மறுக்கவில்லையென அவர் பதிலளித்தார். அவ்விரவு முழுவதும் இருவரும் விழித்திருந்து இறைவனைப்பற்றி உரையாடினர்.

இந்நிகழ்ச்சியை எழுதிவைத்த திருத்தந்தை புனித பெரிய கிரகோரியார், அதிகம் அன்பு செய்தவரே அங்கு வென்றார் என்று காண்கிறார். ஒழுங்கு வகுத்தவர் அதில் தோற்றதை மறைக்காமல் எழுதியது வியப்புக்குரியது.

மூன்று நாள்களின் பின் சகோதரியின் ஆன்மா புறாவின் வடிவில் விண்ணகம் ஏகுவதை ஆசீர்வாதப்பர் தமது அறையிலிருந்து கண்டார். தமக்கென அமைத்திருந்த கல்லறையிலேயே அவரை அடக்கம் செய்வித்தார். ஏறத்தாழ 547இல் தமது வேளையும் வந்தபோது, சிற்றாலயத்திற்குத் தம்மைக் கொண்டுசெல்லச் செய்து, நற்கருணை உட்கொண்டு, சீடர்கள் தாங்கிநிற்க, கைகளை வானோக்கி உயர்த்திச் செபித்தபடியே உயிர்நீத்தார். சகோதரி உறங்கிய அதே கல்லறையில் அவரையும் அடக்கம் செய்தனர்.