நாட்டை இழந்த ராஜா பலகையில் எழுதிய விதிகள்: யார் இந்த மும்மடி கிருஷ்ணராஜ உடையார்?

வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் முழிக்கப் பரமபதப் படத்தை விரித்து தாயம் உருட்டுவது செங்கோட்டை, தென்காசி தொடங்கி தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கும் பழகிய விஷயம். பாம்பு கொத்தினால் கீழே, ஏணி கிடைத்தால் மேலே, கடைசிக் கட்டத்தில் வைகுண்டம். இந்த மாதிரி விளையாட்டுகளைத் தேடிச் சேர்த்து, விதிகளை எழுதி வைத்து, புதுசு புதுசாக உருவாக்கியும் பார்த்த ஒரு ராஜா 19-ஆம் நூற்றாண்டில் மைசூரில் இருந்தார். அவர்தான் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். கன்னடத்தில் மூன்றாமவர் என்ற பொருளில் 'மும்மடி' என்பார்கள்.

கே.ஆர்.எஸ். அணையின் பெயரில் இருக்கும் கிருஷ்ணராஜர் இவர் இல்லை. அது இவருடைய பேரன், நான்காம் கிருஷ்ணராஜ உடையார். ஆனால், அந்தப் பேரனுக்கு ஆள ஒரு மைசூர் மிச்சம் இருந்ததற்குக் காரணம் இந்தத் தாத்தா.

ஐந்து வயதில் அரியணை

1794 ஜூலை 14-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிறந்தார் கிருஷ்ணராஜர். அப்போது உடையார் குடும்பத்துக்குப் பெயர்தான் இருந்தது, அதிகாரம் இல்லை. ஹைதர் அலி காலத்திலிருந்தே ஆட்சி வேறு கைக்குப் போய்விட்டது.

1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அவருடைய மகன்களை வேலூர்க் கோட்டைக்கு அனுப்பிய கிழக்கிந்தியக் கம்பெனி, மைசூரின் ஒரு பகுதியைத் தானும் நிஜாமுமாகப் பங்கு போட்டுக்கொண்டது. மிச்சத்தைப் பழைய அரச குடும்பத்திடம் கொடுத்தது. ஜூன் 30-இல் பட்டம் சூட்டப்பட்ட கிருஷ்ணராஜருக்கு அன்று ஐந்து வயதுகூட நிரம்பவில்லை.

எட்டே நாளில், ஜூலை 8-இல், குழந்தை ராஜாவின் பேரில் ஒரு ஒப்பந்தம் போடப்பட்டது. மைசூர் வருஷத்துக்கு 7 லட்சம் வராகன் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். நிர்வாகம் சரியில்லை என்று தோன்றினால் கம்பெனியே ஆட்சியை எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் சூரிய சந்திரர் உள்ளவரை செல்லும் என்றும் எழுதியிருந்தார்கள். ஆனால், ராஜாவின் வாரிசுகளுக்கும் இது செல்லும் என்ற சொல் மட்டும் அதில் இல்லை. அன்றைக்கு அதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபது வருஷம் கழித்து ஒரு நாட்டின் தலையெழுத்தே அந்தச் சொல்லில்தான் தொங்கியது.

அதிகாரம் ஏன் போனது?

முதல் பன்னிரண்டு வருஷம் நாட்டை நடத்தியவர் திவான் பூர்ணய்யா. திப்புவிடமும் வேலை பார்த்த கெட்டிக்காரர். கஜானாவை நிரப்பி வைத்துவிட்டு, 1811-இல் பொறுப்பை இளைய ராஜாவிடம் ஒப்படைத்தார்.

கிருஷ்ணராஜர் தாராளமாகக் கொடுக்கும் மனுஷர். கோயில், கல்வி, சங்கீதம், ஓவியம் என்று பணம் போய்க்கொண்டே இருந்தது. அதோடு வரி வசூலில் 'ஷர்த்' முறை என்று ஒன்று வேறு. தாலுகாவின் அமல்தார் இத்தனை ரூபாய் வசூலித்துத் தருவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் அவர் பொறுப்பு. கணக்கில் பார்த்தால் கச்சிதமான விதி. நடைமுறையில், மழை பொய்த்தாலும் விலை விழுந்தாலும் அமல்தார் குடியானவனின் கழுத்தைத்தான் பிடித்தார்.

1830-இல் நகர் பகுதியில், அதாவது இன்றைய சிவமொக்கா பக்கம், குடியானவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். கலவரத்தை அடக்கக் கம்பெனிப் படை வர வேண்டியதாயிற்று. இதைக் காரணம் காட்டி, 1831 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். ராஜாவுக்கு அப்போது வயது 37. வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்கு என்று முடிவானது. அரண்மனை உண்டு, பட்டம் உண்டு, தசரா உண்டு. ஆட்சி மட்டும் கிடையாது.

நடவடிக்கை சரிதானா என்று பார்க்க பென்டிங்கே ஒரு விசாரணைக் குழு போட்டார். நாட்டின் நிலைமை சொல்லப்பட்ட அளவுக்கு மோசமில்லை என்பது அதன் அறிக்கையில் தெரிந்தது. நாட்டில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று 1834-இல் பென்டிங்க் லண்டனுக்கு எழுதினார். கம்பெனி இயக்குநர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எடுத்தது எடுத்ததுதான்.

ஆட்சி இல்லாத அரண்மனையில் என்ன செய்தார்?

இதே காலத்தில் தெற்கே திருவிதாங்கூரிலும் ஒரு இளம் ராஜா இருந்தார். செங்கோட்டை அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்ட ஊர். 1956-இல்தான் அது தமிழகத்தோடு சேர்ந்தது. அந்த ராஜா சுவாதித் திருநாளுக்கு அரியணை கையைவிட்டுப் போகவில்லை என்றாலும், ரெசிடெண்டின் தலையீடு கழுத்தை நெரித்தது. அவர் சங்கீதத்தில் மூழ்கினார். மைசூர் ராஜா பலகைகளில் மூழ்கினார்.

அவருடைய ஆதரவில் உருவான பெரிய தொகுப்பு 'ஸ்ரீதத்துவநிதி'. தெய்வ உருவங்களை வண்ணப் படங்களோடு விவரிக்கும் ஒன்பது பகுதிகள் கொண்ட இந்தச் சுவடியின் கடைசிப் பகுதி 'கௌதுக நிதி'. முழுக்க முழுக்க விளையாட்டுகள். சதுரங்கம், சொக்கட்டான், சீட்டு என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு.

சீட்டாட்டத்தை எடுத்துக்கொண்டால், வழக்கமான தசாவதார கஞ்சிஃபாவில் அவதாரத்துக்கு 12 வீதம் 120 வட்டச் சீட்டுகள் இருக்கும். மும்மடி வகுத்த சில ஆட்டங்களில் சீட்டு எண்ணிக்கை 300-ஐயே தாண்டும். கையில் விசிறிபோலப் பிடிக்க முடியாத அளவு! ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தெய்வம், ஒரு வாகனம், ஒரு நட்சத்திரம் என்று மைசூர் ஓவியர்கள் வரைந்தார்கள். பலகை ஆட்டங்களில் 'தேவி சாயுஜ்யம்' பெயர்பெற்றது. தேவியோடு ஐக்கியமாவது என்று பொருள். பரமபதத்தில் வைகுண்டம் போல, இங்கே சேரவேண்டிய இடம் தேவி.

அவருடைய கணக்குத் திறமை பளிச்சென்று தெரியும் இடம் சதுரங்கக் குதிரை. குதிரையை அதன் தாவல் விதிப்படியே நகர்த்தி, 64 கட்டங்களையும் தலா ஒரே ஒரு முறை தொட வேண்டும். இந்தியாவுக்கு இது பழைய புதிர். காஞ்சிபுரத்து வேதாந்த தேசிகர் பாதுகா சகஸ்ரத்தில் இந்தக் குதிரைப் பாதையை வைத்தே செய்யுள் கட்டியிருக்கிறார். மும்மடி இன்னும் ஒரு முடிச்சுப் போட்டார். குதிரை தொடும் வரிசைப்படி கட்டங்களில் 1 முதல் 64 வரை எண் எழுதினால், எந்த வரிசையைக் கூட்டினாலும், எந்தப் பத்தியைக் கூட்டினாலும் 260 வர வேண்டும். அப்படிப்பட்ட பாதையை அவர் கண்டுபிடித்தார். கணினி இல்லாத காலத்தில் இது சாதாரண வேலை இல்லை. உலகச் சதுரங்கப் புதிர் வரலாற்றில் மைசூர் ராஜாவின் பெயர் இருப்பது இதனால்தான்.

இதெல்லாம் குழந்தைகள் விளையாட்டா?

நாடு போன ராஜா பொழுது போகாமல் சோழி உருட்டினார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், நம் ஊரில் பலகை ஆட்டம் பெரியவர்கள் சமாச்சாரமாகவும் இருந்தது. மகாபாரதத்தில் ஒரு ராஜ்யமே சூதாட்டப் பலகையில்தான் போனது. பரமபதத்தின் பாம்புகள் சும்மா பாம்புகள் இல்லை. காமம், கொலை, துரோகம் போன்ற பாவங்களும் அசுரர் பெயர்களும் அவற்றோடு சேர்ந்து வரும். செய்த வினைக்கு என்ன பலன் என்று சொல்லும் படம் அது. இங்கிலாந்துக்குப் போய் 'ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆனபோது அந்தக் கனமெல்லாம் மெல்ல மெல்லக் கரைந்து, கடைசியில் எண்ணும் பாம்பும் ஏணியும் மட்டும் நின்றன.

இன்றைய போர்டு கேம் உலகிலும் இதே இழுபறி உண்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகவே மாறிக் கற்பனை உலகில் திரிவார்கள். குழந்தைகளுக்குக் கெடுதல் என்று பெற்றோரும் மத அமைப்புகளும் எதிர்த்ததால், 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு பிசாசு, பூதம் என்ற பெயர்களைத் தவிர்த்தது. பரமபதப் பாம்புகளுக்கு நடந்தது போலத்தான்.

அந்த ஆட்டத்தின் 1978-ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒன்பதாம் நிலையை எட்டிய போர்வீரன் கோட்டை கட்டலாம், சுற்றியுள்ள நிலத்தைத் திருத்தலாம், அங்கே குடியிருப்பவர்களிடம் தலைக்கு இத்தனை காசு என்று மாதா மாதம் வரி வாங்கலாம். காகிதத்தில் ஊர் அமைப்பது இவ்வளவு சுலபம். இதையே நிஜத்தில் எண்களை மட்டும் நம்பிச் செய்ததுதான் ஷர்த் முறை. பலகையில் குடியானவன் கலகம் செய்ய மாட்டான். நகரில் செய்தான்.

மும்மடியின் பலகைகளைப் பார்க்கும்போது இந்த முரண் உறைக்கும். நிஜ நாட்டில் அவர் போட்ட விதி தோற்றது, அதில் குடிகள் பட்ட கஷ்டத்துக்கு அவரும் பொறுப்பு. பலகையில் அவர் வகுத்த விதிகள் ஒரு எண்கூடப் பிசகாமல் நின்றன.

ஒரு சொல்லுக்காக நடந்த சண்டை

ஆனால், அவர் பலகையோடு நின்றுவிடவில்லை. கவர்னர் ஜெனரல்கள் மாற மாற மனு போட்டுக்கொண்டே இருந்தார். நாட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் ஒவ்வொன்றின் சாரமும். பதில் எப்போதும் இல்லை என்பதுதான். நிர்வாகத்தை 1834 முதல் 1861 வரை கமிஷனர் மார்க் கப்பன் நடத்தினார். பெங்களூரில் கப்பன் பார்க் இவர் பெயரில்தான்.

ராஜாவுக்கு முறைப்படியான ஆண் வாரிசு இல்லை. வாரிசில்லாத சமஸ்தானங்களை டல்ஹவுசி ஒவ்வொன்றாக விழுங்கிய காலம் அது. சதாரா, நாக்பூர், ஜான்சி எல்லாம் அப்படித்தான் போயின. மைசூர் விஷயத்தில் கூடுதலாக அந்த விடுபட்ட சொல்லும் உதவிக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வாரிசு என்ற பேச்சே இல்லை, ஆகவே இது இந்த ஒரு மனிதருக்கு மட்டும் கொடுத்தது, அவர் கண் மூடினால் நாடு எங்களுக்கு என்பது ஆங்கிலேயர் வாதம். சூரிய சந்திரர் உள்ளவரை என்று எழுதிவிட்டு ஒருவர் ஆயுளோடு எப்படி முடியும் என்பது ராஜா தரப்பு வாதம்.

1857 கிளர்ச்சியில் அவர் ஆங்கிலேயர் பக்கமே நின்றார். அதற்கு நன்றிக் கடிதம் வந்தது, நாடு வரவில்லை. கானிங்கிடம் போட்ட மனுவும் 1862-இல் தள்ளுபடியானது.

அப்போது அவருக்கு எழுபதை நெருங்கும் வயது. 1865 ஜூனில் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல், உறவுக்குள்ளேயே இரண்டரை வயதுக் குழந்தை சாமராஜேந்திரரைத் தத்து எடுத்தார். அரசு ஏற்க மறுத்தது. விவகாரம் லண்டனுக்குப் போனது. மைசூருக்காகப் பேச ஆங்கிலேயர்களே சிலர் முன்வந்தார்கள். மேஜர் இவான்ஸ் பெல் என்ற அதிகாரி இந்த நாடு பிடிக்கும் கொள்கையை எதிர்த்துப் புத்தகமே எழுதினார். 1857-க்குப் பிறகு சமஸ்தான ராஜாக்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்ற எண்ணமும் லண்டனில் வலுத்திருந்தது. கடைசியில், 1867 ஏப்ரலில் இந்தியாவுக்கான அமைச்சர் ஸ்டாஃபோர்ட் நார்த்கோட் தத்தை ஏற்றுக்கொண்டு உத்தரவு அனுப்பினார்.

அடுத்த வருஷமே, 1868 மார்ச் 27-இல், 73 வயதில் கிருஷ்ணராஜர் காலமானார். பிடுங்கப்பட்ட அதிகாரத்தை 36 வருஷம் கேட்டும் அவர் கையில் அது திரும்ப வரவில்லை. அவரைப் போலவே ஐந்து வயதில் சாமராஜேந்திரருக்குப் பட்டம் சூட்டப்பட்டது. அந்தப் பையன் 18 வயதானதும், 1881 மார்ச் 25-இல், கடுமையான நிபந்தனைகளோடு மைசூர் ஆட்சி உடையார்களிடம் திரும்பியது. 50 வருஷம் ஆங்கிலேயர் நேரடியாக நிர்வகித்த ஒரு நாடு மறுபடி ராஜா கைக்குப் போனது இந்திய வரலாற்றில் அபூர்வம்.

இன்று என்ன மிச்சம்?

மைசூரு ஜகன்மோகன் அரண்மனையின் மாடிச் சுவர்களில் அவருடைய ஆட்டக் கட்டங்களும் சதுரங்கப் பாதைகளும் ஓவியமாக இருக்கின்றன. அதே ஊரின் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானா அமைப்பு பழைய பலகைகளைத் துணியிலும் மரத்திலும் திரும்பச் செய்து கண்காட்சி நடத்துகிறது. கௌதுக நிதியில் உள்ள ஆட்டங்களை ஆய்வாளர்கள் இன்னும் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். 300-க்கும் மேற்பட்ட சீட்டு கொண்ட ஆட்டத்தை உட்கார்ந்து ஆட இன்று பொறுமை உள்ளவர்கள்தான் குறைவு.

மும்மடியை ஊதாரி ராஜா என்று மட்டும் எழுதி முடித்த காலம் ஒன்று உண்டு. அவர் காலத்து வரி விதியால் குடிகள் பட்ட பாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ஒரு விதியை வார்த்தை வார்த்தையாகப் படித்து, அதில் எங்கே வழி இருக்கிறது என்று சலிக்காமல் தேடுகிற குணம் அவருக்கு இருந்தது. 64 கட்டத்தில் குதிரைக்கு வழி கண்டதும் அந்தக் குணம்தான். எழுபது வயதில் ஒரு குழந்தையை மடியில் உட்கார வைத்துத் தத்து எடுத்ததும் அதே குணம்தான்.