ஜோசி பில்லியின் மருந்துப் பொதி

செமினோல் மக்கள் என்றதும் முதலையோடு மல்லுக்கட்டும் காட்சிதான் பலருக்கும் நினைவு வரும். 1920-களில் மியாமியின் மூசா ஐல் சுற்றுலாக் கிராமத்தில் பயணிகள் காசு கொடுத்து அதைப் பார்த்தார்கள். ஃபுளோரிடாவின் சதுப்பு நிலங்களை அரசு வடித்து, வேட்டை வருமானம் குறைந்த காலம் அது. வயிற்றுப் பிழைப்புக்கு அதுவும் ஒரு வழி.

ஜோசி பில்லி காத்துவந்ததோ காசுக்குக் காட்டாத ஒன்று. 1887-இல் பிறந்த அவர், சுவரில்லாத, நம் அத்தாப்புக் கூரையை ஒத்த சிக்கிக் குடிலில் வளர்ந்தவர். அவருடைய தந்தை 1879-இல் வெள்ளையர் பள்ளிக்குப் போனார். அதற்காகச் சொந்த மக்களே அவரைக் கொல்லத் துணிந்தார்களாம்! மகனோ மூலிகை வைத்தியம் கற்று, மருந்துப் பொதியின் காவலரானார்.

கோடையில் பச்சைச் சோள விழாவின்போதுதான் அந்தப் பொதியைப் பிரிப்பார்கள். ஆண்கள் உபவாசமிருந்து, கறுப்புக் கசாயம் குடித்து, வாந்தியெடுத்து உடலைச் சுத்தம் செய்வார்கள். பையன்கள் புதுப் பெயர் பெறுவார்கள். ஆண்டு முழுவதும் நடந்த குற்றங்களுக்கு விசாரணையும் அங்கேதான். முதலைச் சண்டை பார்த்த பயணிகளுக்கு இங்கே இடமில்லை.

1940-களில் பொதி அவருடைய சகோதரர் இங்கிரகாம் பில்லியின் கைக்கு மாறியது. ஜோசி பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்து ஊழியம் செய்தார். இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறு தேவாலயத்துக்குப் போனவர், நோயாளி வந்தால் மூலிகை தேடிக் காட்டுக்கும் போனார். மானிடவியலாளர் வில்லியம் ஸ்டர்டிவண்டுக்கு அந்தச் செடிகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். 1980-இல் காலமானார்.