எல்லார்க்கும் இனிப்பு

இன்று சாக்லேட் தெருமுனைப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறு. பாலில் செய்த சாக்லேட்டின் செய்முறையைச் சுவிட்சர்லாந்து நாட்டார் மறைபொருளாகக் காத்தனர். அதன் விலையும் மிகுதி. ஆதலால் செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அதனைச் சுவைத்தனர். அமெரிக்க நாட்டில் அதனை எளியோர் கைக்கும் எட்டச் செய்தவர் மில்டன் ஹெர்ஷி.

அவர் 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். தந்தை ஹென்றி ஒரு தொழிலிலும் நிலைத்திராமல் இடம் மாறிக்கொண்டே இருந்தார். மகனும் அடிக்கடி பள்ளி மாற நேர்ந்தது. பெற்றோரின் பணிமாற்றத்தால் பள்ளி மாறும் மாணவர்களுக்கு அத்துன்பம் நன்கு விளங்கும். நான்காம் வகுப்போடு அவரது படிப்பு நின்றது. முதலில் அச்சகத்தில் வேலை பழகினார். அது அவருக்குப் பொருந்தவில்லை. பின்னர் லான்காஸ்டர் நகரில் ஜோசப் ராயர் என்னும் மிட்டாய்க்காரரிடம் நான்கு ஆண்டுகள் தொழில் கற்றார்.

1876இல் பிலடெல்பியா நகரில் சொந்தக் கடை திறந்தார். ஆறு ஆண்டுகள் இரவு பகலாக உழைத்தும் கடனே மிஞ்சியது, கடை மூடப்பட்டது. பிறகு டென்வர் நகரில் வேலைக்குச் சேர்ந்தார். புதிய பாலைச் சேர்த்தால் கேரமல் மிட்டாய் மென்மையாக அமையும் என்பதை அங்குக் கற்றார். அடுத்து நியூயார்க்கில் செய்த தொழிலும் நட்டமடைந்தது. 1886இல் வெறுங்கையோடு லான்காஸ்டர் திரும்பினார். உறவினர் பணம் தர மறுத்தனர். முன்பு அவரிடம் வேலை செய்த லெப்கிச்சர் என்பவரே கைகொடுத்தார். டென்வரில் கற்ற கேரமல் இம்முறை அவரைக் காப்பாற்றியது. இங்கிலாந்துக்கும் அது விற்பனைக்குச் சென்றது.

1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அங்கு ஜெர்மானியர் வைத்திருந்த சாக்லேட் இயந்திரங்களைக் கண்டு, அவற்றை விலைக்கு வாங்கினார். கேரமலின் மீதுள்ள விருப்பம் குறையலாம், சாக்லேட் நிலைத்து நிற்கும் எனக் கணித்தார். பாலில் நீர் மிகுதி. கொக்கோவில் கொழுப்பு மிகுதி. இரண்டும் எளிதில் கலவா. பலமுறை முயன்று, தோற்று, மீண்டும் முயன்றார். 1900ஆம் ஆண்டில் ஹெர்ஷி பால் சாக்லேட் கட்டி விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே கேரமல் தொழிலைப் பத்து இலட்சம் டாலருக்கு விற்றுவிட்டு, சாக்லேட்டுக்கே தம்மை ஒப்படைத்தார்.

அவரது வணிக முறை எளிமையானது. நல்ல பொருளே தனக்குத் தானே விளம்பரம் என்று அவர் நம்பினார். மிட்டாய்க் கடைகளில் மட்டுமன்றி மளிகைக் கடைகளிலும் செய்தித்தாள் கடைகளிலும் தம் சாக்லேட் கிடைக்கச் செய்தார். தொழிற்சாலையைக் காண வந்தோர்க்கு அதனைச் சுற்றிக் காட்டினார். ஐந்து சென்ட் நாணயம் ஒன்று இருந்தால் ஒரு கட்டி வாங்கலாம். கொக்கோவின் விலை ஏறியபோதும் இறங்கியபோதும் கட்டியின் எடை மாறியது, விலை மாறவில்லை. அந்த ஐந்து சென்ட் விலை 1969 வரை நீடித்தது.

தாம் பிறந்த இடத்திற்கு அருகில், பால்பண்ணைகளின் நடுவே, 1903இல் பெரிய தொழிற்சாலை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதனைச் சுற்றித் தொழிலாளர்க்கு வீடுகளும் பள்ளியும் பூங்காவும் அமைந்த ஓர் ஊர் எழுந்தது. ஊருக்கும் ஹெர்ஷி என்றே பெயர். அதன் முதன்மைச் சாலைகளுக்குச் சாக்லேட், கொக்கோ என்று பெயர்கள்.

ஹெர்ஷிக்கும் அவர் மனைவி கேத்தரினுக்கும் மக்கட்பேறு இல்லை. இருவரும் 1909இல் தந்தையை இழந்த சிறுவர்களுக்கு உறைவிடப் பள்ளி நிறுவினர். 1915இல் கேத்தரின் மறைந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் ஹெர்ஷி தம் செல்வத்தின் பெரும்பகுதியை அப்பள்ளியின் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். அதன் மதிப்பு ஏறத்தாழ ஆறு கோடி டாலர். ஊர் அறியப் பறைசாற்றாத கொடை அது. 1923இல்தான் உலகம் அறிந்தது. தொடக்கத்தில் அங்கு வெள்ளையினச் சிறுவர்களுக்கு மட்டுமே இடமிருந்தது. பிற்காலத்தில் அக்குறை நீங்கி, எல்லா இனத்து ஆண்களும் பெண்களும் கட்டணமின்றிப் பயில்கின்றனர்.

1930களில் அமெரிக்காவில் வேலையின்மை பெருகியது. ஹெர்ஷி தம் ஊரில் தங்கும் விடுதி முதலிய கட்டடங்களை எழுப்பிப் பலருக்கு வேலை தந்தார். ஆயினும் 1937இல் தொழிலாளர் சிலர் தம் உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அது அடிதடியில் முடிந்தது. ஊரையே கட்டித் தந்தவரிடமும் தொழிலாளர்க்குக் கேட்க வேண்டிய உரிமை உண்டு என்பதை அந்நிகழ்வு காட்டியது.

1945ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள், தமது 88ஆம் வயதில் ஹெர்ஷி மறைந்தார். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர் ஈட்டிய பொருள், ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

சிந்தித்து விடை எழுதுக

1. ஹெர்ஷி டென்வரில் கற்ற பாடம் பின்னர் எவ்வாறு பயன்பட்டது?
2. பாலும் கொக்கோவும் எளிதில் கலவாமைக்குக் காரணம் யாது?
3. விலையை மாற்றாமல் எடையைக் குறைப்பது முறையா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.