கல் தேடிப் போனவர்

ஊவா மலைநாட்டிற் பளிங்குச் சுண்ணக்கல் ஆங்காங்கே காணப்படும். பண்டாரவளை வகுப்பறைகளில் அதன் பெயரை மனனஞ் செய்யும் மாணவர் பலர், அதனைக் கையிலெடுத்துப் பார்த்திரார். இலங்கையின் அந்தக் கல்லைப் பற்றி 1902ஆம் ஆண்டில், இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் இதழில் ஓர் இளைஞர் கட்டுரை எழுதினார். அவரே பின்னாளில் நாம் கலாயோகி என்று போற்றும் ஆனந்த குமாரசுவாமி.

1877இற் கொழும்பிற் பிறந்த அவர், இரண்டு வயது நிரம்புமுன் தந்தையார் சேர் முத்து குமாரசுவாமியை இழந்தார். ஆங்கிலத் தாயாரின் அரவணைப்பில் இங்கிலாந்திலே வளர்ந்து, இலண்டன் சர்வகலாசாலையிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்றார்.

1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் முதற் பணிப்பாளரானார். பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924இல்தான். அக்காலத்தில் இருப்புப்பாதை பண்டாரவளையோடு நின்றது. மலைநாட்டின் உட்கிராமங்களுக்கு மாட்டுவண்டியிலும் கால்நடையாகவுமே செல்லல் வேண்டும். துணைவியார் எதெலும் நிழற்படப் பெட்டியுடன் உடன் சென்றார்.

பாறையைத் தேடிய கண்களுக்கு மனிதர் தென்பட்டனர். கொல்லர், குயவர், பாய் பின்னுவோர், விகாரைச் சுவர்களிற் சித்திரந் தீட்டுவோர் ஆகியோரிடம் அவர் மாணாக்கராய் அமர்ந்தார். புல்லாலும் தாழை வேராலும் தூரிகை செய்யும் விதத்தை எந்தச் சர்வகலாசாலை கற்பிக்கும்? ஊவாவையும் உள்ளடக்கிய கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின், இக்கைவினைஞருக்கு ஆதரவளித்த அமைப்பும் சிதைந்தது. மலிவான இறக்குமதிப் பொருள்கள் எஞ்சியதையும் அரித்தன. இதனை ஏட்டிற் படித்தல் வேறு, தொழிலிழந்தவனின் திண்ணையிலிருந்து காணுதல் வேறு. 1905இற் கண்டிப் பிரதானிகளுக்கு அவர் வெளியிட்ட பகிரங்கக் கடிதத்திற்கு, அங்ஙனங் கண்ட வேதனையே காரணமென்பது எம் எண்ணம்.

கனிப்பொருள் ஆராய்ச்சியையும் அவர் புறக்கணித்தாரில்லை. தோரியனைற்று என்னும் கனிப்பொருள் 1904இல் அறியப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு; 1906இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டமும் பெற்றார். ஆயினும், அரசாங்கம் கல்லுக்காக அனுப்பிய மனிதர் கலையோடு திரும்பினார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை, வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலே தம் மேற்பார்வையில் அச்சிட்டு, 1908இல் வெளியிட்டார். அச்சானவை 425 பிரதிகளே.

1917இற் போஸ்டன் நூதனசாலையிற் சேர்ந்த அவர், 1947இல் அமெரிக்காவிலேயே காலமானார். அந்நூலின் பக்கங்களிலே, எதெல் எடுத்த நிழற்படங்களில், பெயரறியாத அக்கைவினைஞர் இன்றும் தத்தம் வேலையிற் குனிந்திருக்கின்றனர்.